வீட்டிலேயே தைக்கலாம் ஒத்தடப் பை

முழங்கால் வலி, கழுத்துப் பிடிப்பு, இடுப்பு இறுக்கம் ஆகியவற்றுக்குச் சூட்டு ஒத்தடம் கொடுப்பது நம் வீடுகளில் நெடுநாளைய வழக்கம். உப்பையோ தவிட்டையோ வாணலியில் வறுத்து, துணியில் முடிந்து, வலிக்கும் இடத்தில் ஒற்றி ஒற்றி எடுப்பார்கள். மிதமான சூடு தசையைத் தளர்த்தி வலியைச் சற்றுக் குறைக்கும். மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்கும் அரிசிப் பையும் இதே வேலையைச் செய்யும்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஒத்தட முடிச்சு தோலில் பட்டதும் எடுக்கப்படும். அதைப் பிடித்திருப்பவர் கைக்கும் சூடு தெரியும். அரிசிப் பையோ ஒரே இடத்தில் கிடக்கும். ஆகவே சூட்டின் அளவிலும் நேரத்திலும் கூடுதல் கவனம் தேவை.

தேவையான பொருள்கள்

• நூறு விழுக்காடு பருத்தித் துணி: 18 செ.மீ. அகலம், 28 செ.மீ. நீளத்தில் 2 துண்டுகள். மேலுறைக்குத் தனித் துணி.
• பருத்தி நூல், ஊசி.
• சமைக்காத, உலர்ந்த அரிசி அரை கிலோ.

பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலோ கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலோ துணி வாங்கினால், பாலியஸ்டர் கலக்காததா என்று கேட்டு வாங்குங்கள். பாலியஸ்டர் சூட்டில் உருகும். பழைய பருத்தி வேட்டியும் போதும். சரிகைக் கரையை மட்டும் வெட்டி நீக்கிவிடுங்கள். சரிகையில் உலோக இழை இருந்தால் அடுப்பில் தீப்பொறி பறக்கும். இதே காரணத்தால் ஜிப், உலோகப் பொத்தான், ஊக்கு எதுவும் வேண்டாம்.

தைக்கும் முறை

1. துணியைத் துவைத்து நன்றாகக் காயவையுங்கள்.
2. இரு துண்டுகளின் நல்ல பக்கங்களை உள்நோக்கி வைத்து, ஓரத்திலிருந்து 1.5 செ.மீ. விட்டுச் சுற்றிலும் இரட்டைத் தையல் போடுங்கள். ஒரு பக்கத்தில் 5 செ.மீ. திறப்பு விடுங்கள்.
3. பையைத் திருப்பி, புனல் வழியாக அரிசியைக் கொட்டுங்கள். பை தளர்வாக இருந்தால்தான் உடலோடு படியும்.
4. திறப்பை நெருக்கமாகத் தைத்து மூடுங்கள்.
5. தலையணை உறை போல ஒரு மேலுறை தையுங்கள். துவைக்க வேண்டியது மேலுறையை மட்டுமே. அரிசிப் பை நனையக் கூடாது.

சூடாக்கும் முறை

முதலில் 30 விநாடி சூடாக்குங்கள். வெளியே எடுத்துக் குலுக்குங்கள். மைக்ரோவேவ் எல்லா இடத்தையும் ஒரே அளவில் சூடாக்காது. முன்கையின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். போதவில்லை என்றால் மேலும் 30 விநாடி. மொத்தம் ஒன்றரை நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். அடுப்பை விட்டு நகராதீர்கள்.

மேலுறையோடு 15 நிமிடம் வைத்தால் போதும். மறுபடி சூடாக்குமுன் பை முழுவதும் ஆறட்டும். அரிசியிலுள்ள ஈரம்தான் சூடாகிறது. திரும்பத் திரும்பச் சூடாக்கினால் அரிசி காய்ந்து கருகி, தீப்பிடிக்கலாம். சூடான பையைப் போர்வைக்குள் வைக்காதீர்கள், அதோடு தூங்காதீர்கள். கருகல் வாடை, வண்டு, பூஞ்சை கண்டால் பையை வீசிவிடுங்கள். ஆறிய பையைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

யார் பயன்படுத்தக் கூடாது?

2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய 6 பேரில் ஒருவருக்கு நீரிழிவு உள்ளது. இனிப்பு நீர் நீண்ட காலம் இருந்தால் பாதத்தில் உணர்வு குறையலாம். தோல் வெந்தாலும் வலி தெரியாது. சிறு கொப்புளமும் ஆறாத புண்ணாகலாம். எனவே நீரிழிவு உள்ளவர்கள் பாதத்திலும் காலிலும் சூட்டுப் பை வைக்கக் கூடாது. மற்ற இடங்களில் வைப்பதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள். பக்கவாதத்தால் மரத்துப்போன கை கால்களுக்கும் இது பொருந்தும்.

புதிய அடி, வீக்கம், திறந்த புண் மீதும், தைலமோ வலிக் களிம்போ பூசிய இடத்திலும் வைக்காதீர்கள். நெஞ்சு வலியோ, இடது கைக்கும் தாடைக்கும் பரவும் வலியோ வந்தால் ஒத்தடம் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். உடனே 999-ஐ அழையுங்கள்.

தோல் சுட்டுவிட்டால்

குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். பற்பசை, வெண்ணெய், கிச்சாப் தடவாதீர்கள். கொப்புளம் வந்தாலோ, உங்களுக்கு நீரிழிவு இருந்தாலோ, காயம் சிறியதானாலும் அன்றே அருகிலுள்ள அரசாங்க சுகாதார கிளினிக்கில் காட்டுங்கள்.