கித்தானில் நிற்கும் நாரை: பறவை ஓவியங்களின் சமூக உள்ளடக்கம் பற்றிய ஒரு குறிப்பு

பழைய பறவை ஓவியங்களைக் கித்தான் துணியில் அச்சிட்டு விற்பது இன்று பரந்ததொரு வணிகமாகும். நாரை, கொக்கு, அரிவாள் மூக்கன் முதலாய, நீரில் நடந்து இரைதேடும் பறவைகளின் படங்கள் விடுதிகளையும் மத்தியதர வர்க்கத்தார் இல்லங்களையும் அலங்கரிக்கின்றன. வெறும் அலங்காரமென இவற்றை ஒதுக்கிவிட முடியாது. ஒரு கலைப்பொருள் யாருடைய உழைப்பால், எத்தகைய உறவுகளினூடே உருவாயிற்று என்னும் வினா இங்கும் எழுகின்றது.

சங்குவளை நாரையை உதாரணமாகக் கொள்வோம். வாகரையை அடுத்த பனிச்சங்கேணிக் களப்புப் போன்ற ஆழமற்ற நீர்நிலைகளே அதன் வாழிடம். பாதி திறந்த அலகை நீருள் அமிழ்த்தி, மீன் தட்டுப்பட்டதும் அது கவ்விக்கொள்ளும்.

இப்பறவை ஐரோப்பிய விஞ்ஞானத்துட் புகுந்த வரலாறு கவனத்திற்குரியது. 1752 முதல் 1757 வரை இலங்கையின் ஒல்லாந்த ஆளுநராயிருந்த லோட்டன், இலங்கையிற் பிறந்த கலப்பினத்தவரான பீற்றர் கோர்னெலிஸ் டி பெவர் என்பவரைக் கொண்டு இந்நாட்டுப் பறவைகளை வரைவித்தார். டி பெவர் கொம்பனியின் நில அளவை வரைஞர். லோட்டனின் சேகரிப்பை ஆதாரமாகக் கொண்டு தோமஸ் பென்னற் வெளியிட்ட 'இந்திய விலங்கியல்' நூலிலேயே, 1769இல், இந்நாரை விஞ்ஞானப் பெயர் பெற்றது. நிலத்தை அளந்து வரைந்த கையே பறவையையும் வரைந்தது தற்செயலன்று. கறுவாவையும் காணியையும் கணக்கெடுத்த அதிகாரமே உயிரினங்களையும் கணக்கெடுத்தது. ஆளுநரின் பெயர் தேன்சிட்டொன்றின் விஞ்ஞானப் பெயரில் நிலைத்துவிட்டது; ஓவியரின் பெயரையோ ஆய்வாளர் சிலரே அறிவர்.

கல்கத்தாவிலும் இதுவே நிகழ்ந்தது. பிரதம நீதியரசரின் மனைவி மேரி இம்பேக்காக 1777 முதல் 1782 வரை சேக் சைனுத்தீன், பவானி தாஸ், ராம் தாஸ் ஆகிய பாட்னா ஓவியர் முந்நூற்றுக்கு மேற்பட்ட ஓவியங்களைத் தீட்டினர். ஏடுகளில் அவர்தம் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தும், அத்தொகுதி இன்றுவரை 'இம்பே தொகுதி' என்றே வழங்குகின்றது.

இயந்திரவழி மறுபிரதி கலையைச் சூழ்ந்த புனித ஒளியைக் கலைத்து, அதனை மக்களுக்கு அண்மையாக்கும் என 1936இல் வால்ற்றர் பெஞ்சமின் வாதிட்டார். இதில் உண்மையுண்டு. லெக் எழுதிய 'இலங்கைப் பறவைகளின் வரலாறு' 1878 முதல் 1880 வரை வெளிவந்தபோது, கையால் வண்ணமிடப்பட்ட அதன் கல்லச்சுப் படங்களை வசதி படைத்தோரே வாங்கக்கூடியதாயிருந்தது. இன்று எவரும் பார்க்கலாம். எனினும் சந்தை அவ்வொளியை மீளவும் உற்பத்தி செய்கின்றது: பழந்தாளின் மஞ்சள் நிறமும் கறையுங்கூட அச்சிடப்படுகின்றன. பழைமை விலைப்பொருளாகின்றது; ஓவியரோ அவர் மரபினரோ எதுவும் பெறுவதில்லை.

இவ்விடத்திற் சத்திமுத்தப் புலவரின் நாரையை நினைவுகூர்தல் பொருந்தும். பிளந்த பனங்கிழங்கு போன்ற அலகுடைய அப்பறவை, வறுமையில் வாடும் ஒருவனின் நிலையை அவன் மனைவிக்கு உரைக்க அனுப்பப்படுகின்றது. அங்கே பறவைக்குத் திசையுண்டு, நீர்நிலையுண்டு, மனிதத் துயருடன் உறவுமுண்டு. விஞ்ஞானச் சித்திரத்தின் வெண்மையான பின்புலமோ இவ்வுறவுகளை நீக்கிவிடுகின்றது. இனங்காண்பதற்கு அந்நீக்கம் அவசியமே. ஆயின் சுவரலங்காரமாகும்போது அது களப்பையும், அதே நீரில் வலைவீசி வாழும் மக்களையும் சேர்த்தே மறைக்கின்றது.

இவ்வோவியங்களை நிராகரிப்பது தீர்வாகாது. அவை நம்மவரின் உழைப்புமாகும். நம் பாடசாலைச் சுவர்களில் இத்தகைய படமொன்று தொங்குமாயின், அதன் கீழ் ஓவியரின் பெயரும் அப்பறவை வாழும் களப்பின் பெயரும் எழுதப்படல் வேண்டும். கலையை உழைத்தோரிடம் மீட்டளிக்கும் பணி அவ்விரு வரிகளில் தொடங்கலாம்.