கம்பளத்தில் வெள்ளைத் திட்டா? சாயம் கொடுக்கலாம்!

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல் இருக்கிறது. மார்கழி மாதத்தில் அங்கே வெறுந்தரையில் கால் வைக்க முடியாது. கம்பளம் விரித்தே ஆகவேண்டும்.

பங்களாவைத் துப்புரவு செய்யும் பெண், பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளியைக் கைதவறிச் சாய்த்துவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்புக் கம்பளத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிய திட்டு! சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்று அவள் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

தேய்த்துக் கழுவினால் போகுமா? போகாது. அது அழுக்கு அல்ல; நிறமே போய்விட்டது. போன நிறத்தைத் திருப்பிக் கொடுப்பதுதான் வழி.

முடியா, நூலா?

முதலில், கம்பளம் எதனால் ஆனது என்று தெரியவேண்டும். ஓரத்தில் ஓர் இழையை உருவி, வெளியே கொண்டுபோய்த் தீயில் காட்டுங்கள். தலைமுடி கருகும் நாற்றம் வந்தால் அது ஆட்டு ரோமம். காகிதம் எரியும் வாசனை வந்தால் பருத்தி. உருகி மணிபோல் கெட்டியானால் செயற்கை இழை. செயற்கை இழைகளில் நைலான் சாயம் ஏற்கும். பாலியெஸ்டரில் வீட்டு வைத்தியம் பலிக்காது.

ஆட்டு ரோமம் மலைக்குப் புதிதல்ல. கொடைக்கானலை அடுத்த மன்னவனூரில் 1965-ல் மத்திய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. ரோமத்துக்கென்றே ‘பாரத் மெரினோ’ ஆடுகள் அங்கே வளர்கின்றன.

ஆபத்து எங்கே?

ரோமத்துக்கு ஏற்றது அமிலச் சாயம். அதில் கொஞ்சம் வினிகர் சேர்த்தால்தான் நிறம் பிடிக்கும். ஆனால் பிளீச்சிங் பவுடர் மிச்சமிருக்கும் இடத்தில் வினிகர் பட்டால் குளோரின் என்ற விஷ வாயு கிளம்பும்! ஆகவே முதலில் குளிர்ந்த நீரை விட்டு விட்டு ஒற்றி எடுக்கவேண்டும். பிறகு, போட்டோக்காரர்கள் பயன்படுத்திய ஹைப்போ உப்பு ஒரு தேக்கரண்டியை ஒரு டம்ளர் நீரில் கரைத்து ஒற்றினால், எஞ்சிய குளோரின் முறிந்துவிடும். மறுபடி நன்றாக அலசிக் காயவிடுங்கள். சன்னல்கள் திறந்திருக்கட்டும்.

தொட்டால் ரோமம் பொடிப்பொடியாக உதிர்கிறதா? அப்படியானால் சாயத்தால் பயனில்லை. புது இழை கோக்கத்தான் வேண்டும்.

சொட்டுச் சொட்டாக

சாயத்தை நீர்க்கக் கரையுங்கள். மூலையில் சோதித்துப் பார்த்த பிறகு, சிறு தூரிகையால் திட்டின் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தொட்டுத் தொட்டு வையுங்கள். ஈரத்தில் நிறம் அடர்த்தியாகத் தெரியும், காய்ந்தால் வெளுக்கும். அவசரக்காரர்கள் ஏமாறுவது இங்கேதான். இன்னொரு பூச்சு எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம். கூடிப்போனதை எடுப்பது பெரும்பாடு.

நிறம் நிலைக்கச் சூடு வேண்டும். ஈரத்துணி போட்டு, இஸ்திரிப் பெட்டியை மேலே பிடித்து ஆவி காட்டுங்கள். மலையில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகையால் சற்றுக் கூடுதல் நேரம் காட்டுவது நல்லது. பனிமூட்டத்தில் கம்பளம் காய இரண்டு நாள்கூட ஆகும். விளக்கு வெளிச்சத்தை நம்பாமல் பகலில் பாருங்கள்.

காய்ச்சல் தந்த நிறம்

இந்தச் சாயங்களின் கதை வேடிக்கையானது. மதுரையில் காய்ச்சலுக்கு அஞ்சிய அமெரிக்கப் பாதிரிமார்கள் 1845-ல் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். அதே மலேரியாவுக்குக் கொயினா மருந்து செய்யப் பார்த்தான் லண்டனில் 18 வயது வில்லியம் பெர்க்கின். ஆண்டு 1856. மருந்து வரவில்லை, குடுவையில் ஊதா நிறம் வந்தது! செயற்கைச் சாயத் தொழில் அதிலிருந்துதான் வளர்ந்தது.