ஹானர்ஸா, சாதாவா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த இரண்டாவது வாரம். எங்கள் ஊர் இ-சேவை மையத்தில் எனக்கு முன்னால் ஓர் அம்மாவும் மகளும். சட்டப் படிப்புக்கு விண்ணப்பம் போட வந்திருந்தார்கள். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் எல்லாம் பிளாஸ்டிக் ஃபைலில் வரிசையாக இருந்தன. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த தம்பி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "பாப்பா, ஹானர்ஸா, சாதாவா?"

அந்தப் பெண் அம்மாவைப் பார்த்தாள். அம்மா, "எது நல்லதோ அதையே போடுங்க தம்பி" என்றார்.

ஐந்து வருடப் படிப்பைத் தீர்மானிக்க வேண்டிய கேள்வி அது. விடை சொல்லும் பொறுப்பு, ஒரு விண்ணப்பத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் அந்தத் தம்பியிடம் போய்ச் சேர்ந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். இனிஷியல் ஒரு சான்றிதழில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருப்பதைக் கண்டுபிடித்துத் திருத்தச் சொன்னவர் அவர்தான்.

'சாதா' என்று அவர் சொன்னது அரசு சட்டக் கல்லூரிகளில் உள்ள ஐந்தாண்டு பி.ஏ. எல்எல்.பி. சென்னை, செங்கல்பட்டு, மதுரை, திருச்சி, கோவை, நெல்லை என்று தொடங்கி விழுப்புரம், தருமபுரி, ராமநாதபுரம், சேலம், நாமக்கல், தேனி வரை இந்தக் கல்லூரிகள் இருக்கின்றன. கட்டணம் மிகவும் குறைவு. 'ஹானர்ஸ்' என்பது தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகமே சென்னையில் நடத்தும் சீர்மிகு சட்டப் பள்ளியின் படிப்பு. அங்கே பி.பி.ஏ., பி.காம். ஆகியவற்றோடு சேர்த்தும் சட்டம் படிக்கலாம். கேட்கிற மதிப்பெண்ணும் அதிகம், கட்டணமும் பல மடங்கு. வக்கீலாகப் பதிவு செய்யும் நாளில் இரண்டு பட்டத்துக்கும் ஒரே மதிப்புதான். இதை அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

இரண்டுக்கும் நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை, 69 சதவீத இட ஒதுக்கீடு, பிறகு கலந்தாய்வு. அரசுக் கல்லூரிகளின் ஐந்தாண்டு சட்டப் படிப்பில் சேர பிளஸ் டூவில் பொதுப் பிரிவினருக்கு 45 சதவீதமும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40 சதவீதமும் போதும். இடம் கிடைப்பது தரவரிசையைப் பொறுத்தது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-ல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு சட்டப் படிப்புக்கும் உண்டு. மருத்துவத்துக்கு மட்டும்தான் என்று நினைத்து விட்டுவிடுகிற பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு வேடிக்கை. சென்னை என்றதும் பலர் மனதில் வருவது உயர் நீதிமன்றத்தை ஒட்டிய அந்தச் சிவப்புக் கட்டடம். 1891-ல் தொடங்கிய கல்லூரி 2018-ல் அங்கிருந்து கிளம்பிவிட்டது. இப்போது புதுப்பாக்கத்திலும் பட்டரைப்பெரும்புதூரிலும் இருக்கிறது. உயர் நீதிமன்றத்திலிருந்து இரண்டுமே வெகு தூரம். மதியம் வகுப்பு முடிந்ததும் கோர்ட்டுக்குள் நுழைந்து வழக்கு பார்த்த காலத்தை மூத்த வக்கீல்கள் சொல்லக் கேட்டுவிட்டு 'சென்னை' என்று டிக் அடித்தால் ஏமாற்றம்தான்.

அந்தப் பெண் திடீரென்று ஒன்று கேட்டாள். "அண்ணா, கிளாட்னு ஒரு பரீட்சை இருக்காமே, அதுக்கும் போடலாமா?"

"அது டிசம்பர்லயே முடிஞ்சுடுச்சும்மா."

எனக்குச் சுருக்கென்று தைத்தது இதுதான். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு, பிள்ளைகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருக்கும்போதே டிசம்பரில் நடந்துவிடுகிறது. இரண்டு மணி நேரம், 120 கேள்விகள், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போய்விடும். முழுக்க ஆங்கிலம். விண்ணப்பக் கட்டணமே பொதுப் பிரிவுக்கு 4,000 ரூபாய். திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் இதுதான் வழி. ரிசல்ட் வந்தபின் 'அடுத்து என்ன' என்று யோசிக்கும் வீட்டுக்கு அந்தக் கதவு ஆறு மாதம் முன்பே சாத்தப்பட்டிருக்கும். பயிற்சி மையத்துக்குப் போகிற வீடுகளுக்குத்தான் தேதி தெரிகிறது. மதிப்பெண்ணை வைத்து இடம் தரும் நம் மாநில முறையைக் குறை சொல்பவர்கள் ஒரு நாள் இந்த வரிசையில் வந்து நிற்க வேண்டும்.

பட்டம் முடித்தவர்களுக்கு மூன்றாண்டு எல்எல்.பி. இருக்கிறது. அதில் ஒரு பள்ளம் மட்டும் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூ படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்களைப் பார் கவுன்சில் விதி ஏற்பதில்லை. பிளஸ் டூ முடித்து அஞ்சல் வழியில் பட்டம் பெற்றவர்களுக்குத் தடை இல்லை.

அன்று அந்தப் பெண்ணுக்கு 'சாதா' பதிவானது. ஊருக்குப் பக்கத்துக் கல்லூரி முதல் விருப்பம். அவள் மதிப்பெண்ணுக்கு அது சரியான முடிவுதான். யாரும் சொல்லிக்கொடுத்து எடுத்த முடிவல்ல, அவ்வளவே.

இ-சேவை மையத்திலிருந்து எங்கள் ஊர் கோர்ட் நடந்து போகும் தூரம். அங்கே காலை பத்து மணிக்கு டீக்கடை முழுக்கக் கறுப்புக் கோட்டுதான். வக்கீல் சார், வக்கீல் மேடம், உங்கள் ஊர் அரசுப் பள்ளியின் பிளஸ் டூ வகுப்புக்கு ஒரே ஒரு பீரியட் போய்ப் பேசுங்கள். மே மாதம் வேண்டாம், ஆகஸ்டிலேயே போங்கள். கிளாட் விண்ணப்பம் அப்போது திறந்திருக்கும்.