நாமே கழற்றிப் பார்க்கலாம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கோயமுத்தூர் ஜில்லாவில் சூலூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், குடியானவர் வீட்டுப் பையன் ஒருவன் வெள்ளைக்கார ரெவினியூ அதிகாரி ஒருவருடைய மோட்டார் சைக்கிளைப் பார்த்தான். மாடும் இல்லை, குதிரையும் இல்லை. வண்டி தானே ஓடுகிறது! ஊரார் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள். பையன் மட்டும் திரும்பவில்லை. கோயமுத்தூருக்கு வந்தான், ஒரு ஹோட்டலில் பரிமாறும் வேலைக்கு அமர்ந்தான், அரையும் காலுமாகச் சேர்த்துச் சில நூறு ரூபாயானதும் அந்த வண்டியையே விலைக்கு வாங்கினான். வாங்கியவன் ஊர் சுற்றக் கிளம்பினானா? அதுதான் இல்லை. ஒவ்வொரு திருகாகக் கழற்றினான். யந்திரத்தின் அந்தரங்கத்தையெல்லாம் அறிந்துகொண்டு மறுபடி பூட்டினான்.

அந்தப் பையன்தான் ஜி. டி. நாயுடு (1893–1974). பள்ளிப் படிப்பு மிகவும் சொற்பம். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸுடன் தொழிலை ஆரம்பித்தார். 1933-இல் அவருடைய யூனிவர்சல் மோட்டார் சர்வீஸில் சுமார் 280 பஸ்கள் இருந்தன. மின்சார மோட்டார் செய்ததையும், பொறியியல் கல்லூரி தொடங்க முன்னின்றதையும் பற்றி எத்தனையோ பேர் எழுதியாயிற்று. நம்முடைய மனத்தைக் கவர்வது அந்த முதற் காட்சிதான். பிறருடைய யந்திரத்தை விலைக்கு வாங்குவதுடன் அவர் திருப்தியடையவில்லை. அதன் உள்ளே இருப்பதைத் தம் கையால் தொட்டு அறிந்த பிறகே அதைத் தம்முடையது என்று கருதினார்.

கொங்கு நாட்டில் இந்தத் துணிச்சல் புதிதன்று. கிணற்று மேட்டில் ஆயில் எஞ்சின் நின்றுவிட்டால் பயிர் வாடிவிடும். மெக்கானிக் வரும்வரை காத்திராமல், குடியானவரே ஸ்பானரைக் கையில் எடுத்துவிடுவார். ஆனால் பட்டணத்துப் படித்த குடும்பங்களாகிய நாமோ, காரின் பானெட்டைத் திறப்பதற்கே அஞ்சுகிறோம்!

எனக்கும் அந்த அச்சம் இருந்தது. என்னிடம் இருப்பது 1978-ஆம் வருஷத்து மார்க் 3 அம்பாஸிடர். 1957 முதல் 2014 வரையில் வங்காளத்து உத்தர்பாராவில் உற்பத்தியான குடும்பத்தைச் சேர்ந்தது, 1489 ஸி.ஸி. பெட்ரோல் எஞ்சின். தினந்தோறும் காலையில் கிளப்பியதும் பின்னால் நீலப் புகை கிளம்பும், சற்றைக்கெல்லாம் மறைந்துவிடும். ஒரு பட்டறையில் காட்டினேன். "எஞ்சினை இறக்கிப் போர் போட்டாக வேண்டும்" என்று தீர்ப்பாயிற்று. அவர்கள் சொன்ன தொகைக்கு நல்ல நிலையிலுள்ள இன்னொரு பழைய காரே வாங்கிவிடலாம். விற்றுத் தலை முழுகிவிடலாமா என்று கூட யோசித்தேன்.

கணபதியில் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "ஏனுங்க, காத்தால மட்டும் பொகை வந்து அப்புறம் நின்னு போகுதுன்னா, அதுக்கு எதுக்குங்க போர்? வால்வு சீலைப் பாருங்க. மொதல்ல கம்ப்ரஷன் பாருங்க," என்றார்.

நியாயந்தானே? பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருந்தால், வண்டி ஓடும்போதும், மேடு ஏறும்போதும் நீலப் புகை விடாது வந்துகொண்டிருக்கும். இரவெல்லாம் நிற்கும்போது வால்வுத் தண்டு வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கிய எண்ணெய்தான் காலையில் மட்டும் எரியும். பிளக் துவாரத்தில் அழுத்தமானியைப் பொருத்தி நான்கு சிலிண்டர்களையும் சோதித்தேன். நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டின. கீழ்ப்பாகம் திடமாகத்தான் இருந்தது, குற்றமெல்லாம் தலையில்!

ஆகவே, ஒரு சனிக்கிழமை தலையைக் கழற்றுவதென்று தீர்மானித்தேன். பாட்டரி இணைப்பை நீக்கி, ரேடியேட்டர் நீரை வடித்தேன். இந்த எஞ்சினில் ராக்கர் தண்டைப் பிடித்திருக்கும் நட்டுகளிற் சில ஹெட்டையும் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. எனவே எல்லா நட்டுகளையும் சிறிது சிறிதாக, மாற்றி மாற்றித் தளர்த்த வேண்டும். அவசரப்பட்டு ஒரு பக்கத்தை மட்டும் தளர்த்தினால் ஹெட் கோணிக்கொள்ளும். கழற்றிய புஷ்ராடுகளை இடம் மாறாமல் வைப்பதற்கு ஓர் அட்டைப் பெட்டியில் எட்டுத் துளையிட்டு, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதினேன். இந்த யோசனை என் மனைவியுடையது. பிறகு பிஸ்டன் தலைகளிலும் ஹெட்டிலும் படிந்திருந்த கரியை மரச் சீவலால் சுரண்டினேன். இரும்பு உளியைத் தொட்டீர்களோ, அலுமினியப் பிஸ்டனில் கீறல் நிச்சயம்! வால்வுகளுக்குப் பசை தடவி, உள்ளங்கைகளுக்கிடையே குச்சியை உருட்டித் தேய்த்தேன். மங்கிய சாம்பல் நிறத்தில் முறியாத வளையம் ஒன்று தெரியும்வரை தேய்க்க வேண்டும். புதிய சீல்கள், புதிய கேஸ்கெட். நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, பல சுற்றுகளில் இறுக்கினேன்.

டாப்பெட் இடைவெளி வைப்பதற்கு இந்த எஞ்சினில் அழகான சூத்திரம் ஒன்று உண்டு. எட்டு வால்வுகளில் எட்டாவது முழுதும் திறந்திருக்கும்போது முதலாவதைச் சரி செய்க. ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவதை. இரண்டையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது! இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பாகம். ஐந்தாம் வகுப்புக் கணக்கு போதும்.

செலவைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். பட்டறையில் கேட்ட தொகையில் இருபதில் ஒரு பங்கு கூட ஆகவில்லை. ஆனால் ஒன்றரை நாள் வேலைக்கு எனக்கு நான்கு நாள் ஆயிற்று என்பதையும் ஒப்புக்கொள்ளுகிறேன்.

பழைய எஞ்சினுக்குப் பெரிய பகைவன் உஷ்ணம். போர்க் கிணற்று உப்பு நீரை ரேடியேட்டரில் ஊற்றுபவர்கள் எத்தனை பேர்! சட்டியில் படிவதுபோல அந்த உப்பு உள்ளே குழாய்களிலும் படிந்து, நீரோட்டத்தை அடைத்துவிடும். சிறுவாணித் தண்ணீர் எவ்வளவோ மேல். காய்ச்சி வடித்த நீரில் கூலண்ட் கலந்து ஊற்றுவது உத்தமம். வால்பாறை மலைப்பாதையில் எஞ்சின் கொதித்தால் நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். சூட்டோடு மூடியைத் திறந்து முகம் வெந்துபோனவர்கள் உண்டு.

இக்காலத்தில் வேறோர் எதிரியும் சேர்ந்திருக்கிறது. 2025-இல் நாடெங்கும் பரவிவிட்ட பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பாகம் வரை எத்தனால் இருக்கிறது. நம் கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் கிடைக்கும் சுதேசிச் சரக்கு. அந்நியச் செலாவணியும் மிச்சமாகும். அதில் நமக்குச் சந்தோஷமே. ஆனால் பழைய ரப்பர்க் குழாய்களையும், பெட்ரோல் பம்பின் சவ்வையும் எத்தனால் பதம் பார்த்துவிடுகிறது. எத்தனாலைத் தாங்கக்கூடிய குழாய்களாகப் பார்த்து மாற்றிவிடுங்கள். பெட்ரோல் கசிவும் தீப்பொறியும் சந்தித்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் நாமே செய்துவிடலாம் என்று நான் சாதிக்கமாட்டேன். பிரேக் வேலையைத் தேர்ந்தவரிடம் விட்டுவிடுவதே விவேகம். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கடியில் நுழையவே கூடாது. உறுதியான ஸ்டாண்டு கொடுத்த பிறகே நுழைய வேண்டும்.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது (1939–45) பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. கரி வாயு அடுப்பைச் சுமந்துகொண்டு நம் பஸ்கள் ஓடின. உதிரிச் சாமான்கள் கிடைப்பதும் அரிதாயிற்று. சாம்பலும் தூசியும் சிலிண்டர்களை அரிக்க, அவற்றைக் கழற்றுவதும் பூட்டுவதுமாகவே தொழிலாளிகள் காலந்தள்ளினார்கள். அவர்கள் பட்ட பாட்டில் நூற்றில் ஒரு பங்கு நமக்கு இல்லை.

நாலாம் நாள் மாலை சாவியைத் திருப்பினேன். இரண்டு இருமல் இருமிவிட்டு எஞ்சின் ஓடத் தொடங்கிற்று. மறுநாள் காலையில் குடும்பத்தார் அனைவரும் காரின் பின்புறம் கூடி நின்றோம். புகை இல்லை. ஆனால் அட்டைப் பெட்டியின் மூலையில் ஒரு சிறு வாஷர் மிச்சமிருந்தது! ராத்திரியெல்லாம் தூக்கமில்லாமல் புத்தகத்தைப் புரட்டினேன். அது காரைச் சேர்ந்ததே அன்று, தன் தையல் மிஷினுடையது என்று என் மனைவி சொன்னது மூன்று நாள் கழித்துத்தான்.