வெளியே சொல்லப்படாத ஓர் உபாதை

மலத்தை அடக்க இயலாமல், தம்மையறியாது கசிந்துவிடும் உபாதை படுக்கையில் கிடக்கும் முதியோர்க்கே உரியதென்று பலரும் எண்ணுகின்றனர். உண்மை வேறு. அமெரிக்காவில் 2005-2006ஆம் ஆண்டுகளில், தத்தம் இல்லங்களில் வாழும் வயதுவந்தோரை விசாரித்தபோது, 100க்கு 8 பேர், முந்திய ஒரு மாதத்துக்குள் தமக்கு இவ்வாறு நேர்ந்ததாகக் கூறினர். 70 வயது கடந்தோரில் 100க்கு 15 பேர். இருபதுகளில் உள்ளோரிலும் 2, 3 பேர் உண்டு. ஆண்களின் கணக்கு பெண்களின் கணக்குக்குச் சற்றே குறைவு, அவ்வளவுதான்.

பிரசவத்தில் ஆசனவாய்த் தசை கிழிதல், நீரிழிவால் நரம்புகள் நலிதல், மூலம் பௌத்திரம் இவற்றுக்கான சத்திர சிகிச்சை ஆகியவை காரணமாகலாம். விந்தையானது மலச்சிக்கல். குடலில் இறுகிய மலத்தின் ஓரமாக நீர்போல் கசிவதைப் பேதியென மயங்கி, அதனைக் கட்டும் மருந்தைக் கொடுத்தால் துன்பம் பெருகும்.

மும்பையிலோ தில்லியிலோ மகனுடன் வசிக்கவந்த தாயாருக்கு வைத்தியரின் மொழி தெரியாது. பேரனை மொழிபெயர்க்கச் சொல்லி இதனைக் கூற யாருக்குத்தான் மனம் வரும்? கோயிலுக்கு வர மறுப்பார். இரயில் பயணமென்றால் முதல்நாளே பட்டினி கிடப்பார். நாமோ அதனை விரதமென்று எண்ணிக்கொள்வோம்! மகளோ மருமகளோ தனிமையில் பரிவுடன் வினவி, உடன்சென்று வைத்தியரிடம் எடுத்துரைத்தல் நலம். உணவு மாற்றம், மருந்து, ஆசனவாய்த் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி ஆகியவற்றாலேயே பலர் குணமடைகின்றனர். இரத்தம் கலந்து வந்தாலோ, திடீரெனக் கால்கள் மரத்துப்போனாலோ அன்றே காட்டவேண்டும்.