படர்தாமரை மாத்திரை மூளை மலேரியாவைத் தடுக்குமா?

தொப்பூர் கணவாய் வழியாகப் போய்வரும் லாரி ஓட்டுநர்களுக்கு இரண்டு தொல்லைகள் புதிதல்ல. நாள் முழுக்கச் சூடான சீட்டில் வியர்வையோடு உட்கார்ந்திருப்பதால் தொடையிடுக்கில் வரும் படர்தாமரை ஒன்று. ஒடிசா, சத்தீஸ்கர் பக்கம் லோடு எடுக்கப் போய், ராத்திரி வண்டிக்கடியில் படுத்தவர்களைப் பிடிக்கும் மலேரியா இன்னொன்று. முதல் தொல்லைக்குத் தரும் மாத்திரை இரண்டாவதில் உயிரைக் காக்குமா என்று இந்திய விஞ்ஞானிகள் சோதித்திருக்கிறார்கள்.

மாத்திரையின் பெயர் கிரிசியோஃபுல்வின். 1939இல் பெனிசிலியம் வகைப் பூஞ்சை ஒன்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. பூஞ்சையிலிருந்தே வந்த பூஞ்சைக்கொல்லி.

பழைய மருந்தைத் தூசு தட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. குளோரோகுயினுக்கு அடங்காத மலேரியா 1973இலேயே அசாமில் தெரியவந்தது. அடுத்து நம்பியிருந்த ஆர்ட்டிமிசினினுக்கும் கம்போடியாவில் எதிர்ப்பு கிளம்பி, இப்போது ருவாண்டா, உகாண்டா வரை தலைகாட்டிவிட்டது. புது மருந்து கண்டுபிடித்துக் கடைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். ஏற்கெனவே புழங்கும் மருந்தென்றால், பக்கவிளைவுகளாவது தெரிந்திருக்கும்.

கதை தொடங்கியது பெங்களூருவில். மலேரியாக் கிருமி நம் ரத்தச் சிவப்பணுவுக்குள் உட்கார்ந்து ஹீமோகுளோபினைத்தான் தின்கிறது. அதில் ஹீம் என்ற இரும்புச் சேர்மம் ஏராளம். இருந்தும் அந்தக் கிருமி தனக்கான ஹீமைத் தானே தயாரிக்கிறது என்று 1992இல் நமிதா சுரோலியாவும் கோ.பத்மநாபனும் காட்டினார்கள். பத்மநாபன் பின்னர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானவர். சாப்பாடு கொட்டிக் கிடக்கிற இடத்தில் தனிச் சமையல் எதற்கு?

விடை வர 30 ஆண்டுகள் ஆயின. புவனேஸ்வரத்தில் விஸ்வநாதன் அருண் நாகராஜ் குழுவினர், பத்மநாபனும் உடனிருக்க, 2022இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் எழுதினார்கள். கிருமி தயாரிக்கும் ஹீம், ஹீமோசோயின் என்ற கறுப்பு நிறமி அதிகமாக உருவாக வழிசெய்கிறது. அழற்சியைத் தூண்டி, மலேரியா முற்றி மூளையைத் தாக்கும் மூளை மலேரியாவுக்கு வழிவிடுவதில் இந்த நிறமிக்குப் பங்குண்டு. கிரிசியோஃபுல்வின் உடலுக்குள் போய், ஹீம் தயாரிப்பின் கடைசிப் படியில் இரும்பைப் பொருத்தும் நொதியை முடக்கிவிடுகிறது. மருந்து கொடுக்கப்பட்ட எலிகளுக்கு மூளை மலேரியா வரவில்லை.

எலிகளுக்கு. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். 2017இல் வெளியான ஆய்வில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் தன்னார்வலர்களிடம் இதே மருந்தைச் சோதித்தபோது, ஆய்வுக்கூடத்தில் கிருமியின் வளர்ச்சியைத் தடுத்த மருந்து மனித உடலில் பலிக்கவில்லை. அதில் வியப்புமில்லை. ரத்தத்தில் இருக்கும்வரை கிருமிக்குச் சொந்த ஹீம் இல்லாமலும் பிழைக்கத் தெரியும். ஆகவே இதை ஆர்ட்டிமிசினினுக்கு மாற்றாகப் பார்ப்பது தவறு. கிருமியைக் கொல்லும் வேலையை ஆர்ட்டிமிசினின் வகை ஆர்ட்டிசுனேட் ஊசி செய்யட்டும், மூளையைக் காக்கும் வேலையை இது செய்யுமா என்பதுதான் கேள்வி. காய்ச்சலுக்குக் கடையில் இதை வாங்கி விழுங்குவது வீண். ரத்தப் பரிசோதனைக்கு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது.

நடைமுறைச் சிக்கல் ஒன்றும் உண்டு. கிரிசியோஃபுல்வின் வாய்வழி மாத்திரை. கொழுப்புள்ள சாப்பாட்டோடு சாப்பிட்டால்தான் உடலில் நன்றாகச் சேரும். மூளை மலேரியா நோயாளியோ நினைவிழந்து கிடப்பார். அவருக்கு மூக்குக் குழாய் வழியாக எவ்வளவு கொடுப்பது, அதில் எவ்வளவு ரத்தத்துக்குப் போய்ச் சேரும் என்பதை எலிகளை வைத்துச் சொல்லிவிட முடியாது.