கைப்பேசி அவசர எச்சரிக்கையும் வாகன ஓட்டிகளின் கவனச்சிதறலும்

கைப்பேசி அவசர எச்சரிக்கை என்பது வெள்ளம், புயல், நிலச்சரிவு போன்ற பேரிடர்களின்போது ஒரு பகுதியில் உள்ள கைப்பேசிகளுக்கு ஒரே நேரத்தில் அனுப்பப்படும் செய்தியாகும். உரத்த ஒலியோடும் அதிர்வோடும் திரையில் தோன்றும் இச்செய்தி உயிர்களைக் காப்பதற்கானது. ஆனால் அதே ஒலி வாகனம் ஓட்டுபவரின் கவனத்தைச் சிதறடித்து விபத்துக்கும் காரணமாகலாம். மலைச்சாலைகள் மிகுந்த தேனி மாவட்டத்திலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் இந்த இரு பக்கங்களையும் சேர்த்தே பார்க்க வேண்டியுள்ளது.

செயல்படும் முறை

இந்த எச்சரிக்கை ‘செல் பிராட்காஸ்ட்’ என்னும் தொழில்நுட்பத்தில் இயங்குகிறது. குறுஞ்செய்தி ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனியாகச் செல்கிறது. இதுவோ வானொலி ஒலிபரப்பைப் போல, ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் கைப்பேசிகள் எல்லாவற்றையும் ஒருசேர அடைகிறது. அதற்கு எவருடைய எண்ணும் தேவையில்லை. நெரிசல் நேரத்திலும் தாமதம் குறைவு. இந்தியாவில் சி-டாட் நிறுவனம் உருவாக்கிய இவ்வமைப்பை, தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துடன் இணைந்து தொலைத்தொடர்புத் துறை 2023இல் பல மாநிலங்களில் சோதித்தது. தமிழ்நாட்டில் அச்சோதனை 2023 அக்டோபர் 20 அன்று நடைபெற்றது.

கம்பம் பள்ளத்தாக்கின் தேவை

மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வருசநாட்டு மலைக்கும் இடையே அமைந்த இப்பள்ளத்தாக்கில் கனமழை, ஆற்று வெள்ளம், மண்சரிவு, காட்டுத்தீ, வனவிலங்கு நடமாட்டம் ஆகிய அனைத்தும் உண்டு. வைகை அணையின் நீர்மட்டம் 66, 68.5, 69 அடிகளை எட்டும்போது கரையோர மக்களுக்கு முறையே முதல், இரண்டாம், மூன்றாம் வெள்ள எச்சரிக்கை விடப்படுகிறது. 2023 மே 27 அன்று அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பம் நகருக்குள் புகுந்தபோது 144 தடை உத்தரவு போடப்பட்டு, மக்கள் வீட்டிலேயே இருக்கும்படி அறிவுறுத்தப்பட்டனர். இத்தகைய வேளைகளில் நொடியில் எல்லோரையும் எட்டும் எச்சரிக்கை பெரிதும் பயன்படும்.

ஓட்டுநருக்கு நேரும் ஆபத்து

கவனச்சிதறல் மூன்று வகைப்படும்: கண் சாலையை விட்டு விலகுவது, கை ஸ்டியரிங்கை விட்டு விலகுவது, மனம் ஓட்டுதலை விட்டு விலகுவது. திடீரென ஒலிக்கும் எச்சரிக்கை இம்மூன்றையும் ஒரே கணத்தில் தூண்டக்கூடும். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி நொடிக்குச் சுமார் 11 மீட்டர் நகர்கிறது. மூன்று நொடி திரையைப் பார்த்தால், ஏறத்தாழ 33 மீட்டர் தூரத்தைச் சாலையைப் பாராமலே கடந்ததாகும். கொண்டை ஊசி வளைவில் அத்தனை தூரம் நேர்ப்பாதையே இருக்காது.

சாதாரண அழைப்புக்கும் இதற்கும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. அழைப்பு ஓர் ஓட்டுநரை மட்டுமே திசைதிருப்பும். எச்சரிக்கையோ முன்னால் செல்பவர், பின்னால் வருபவர், எதிரே இறங்குபவர் என எல்லோரையும் ஒரே நொடியில் திடுக்கிட வைக்கும். ஒருவர் சட்டென்று பிரேக் போட்டால், பின்னால் வருபவரும் அந்நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

லோயர்கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும் சாலையிலும், 17 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட போடிமெட்டுச் சாலையிலும் இது பெரும் ஆபத்து. ஏலத் தோட்டங்களுக்குத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் அன்றாடம் இம்மலைச்சாலைகளில் செல்கின்றன. சபரிமலைப் பருவத்தில் குமுளிச் சாலையில் வெளியூர் வாகனங்களும் பெருகும். வடகிழக்குப் பருவமழையும் அதே காலத்தில்தான் பெய்கிறது. மேலும், எல்லையோரத்தில் கைப்பேசி கேரளக் கோபுரத்துடன் இணைந்துவிட்டால் இடுக்கி மாவட்டத்துக்கான செய்தி மலையாளத்தில் வரக்கூடும். அறியாத மொழியில் வந்த செய்தியைப் புரிந்துகொள்ள முயல்பவரின் கண் திரையிலேயே நிலைத்துவிடும்.

சட்டமும் பிற நாடுகளின் வழிமுறையும்

2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி, ஓட்டும்போது கையில் கைப்பேசி வைத்துப் பயன்படுத்துவது ஆபத்தான முறையில் ஓட்டும் குற்றத்தில் அடங்கும். முதல் முறை பிடிபட்டால் ரூ.1,000 முதல் ரூ.5,000 வரை அபராதமோ, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பிரிட்டனில் 2023 ஏப்ரல் 23 அன்று நாடு தழுவிய சோதனை நடந்தபோது, ஓட்டுநர்கள் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திய பிறகே செய்தியைப் படிக்க வேண்டும் என அந்நாட்டு அரசு அறிவுறுத்தியது. ஜப்பானில் நிலநடுக்க எச்சரிக்கை வந்தால், திடீரென நிறுத்தாமல், அபாய விளக்கை எரியவிட்டு மெல்ல வேகத்தைக் குறைக்கும்படி ஓட்டுநர்களுக்குச் சொல்லப்படுகிறது.

கடைப்பிடிக்க வேண்டியவை

• எச்சரிக்கை ஒலித்ததும் கைப்பேசியை எடுக்கக் கூடாது. பார்வை சாலையிலேயே இருக்க வேண்டும்.
• சட்டென்று பிரேக் போடாமல் படிப்படியாக வேகத்தைக் குறைக்க வேண்டும்.
• வளைவில் நிறுத்தாமல், அதைக் கடந்து அகலமான இடத்தில் ஒதுங்க வேண்டும். மழைக்காலத்தில் சரிவான பாறை, ஓடை, தரைப்பாலம் ஆகியவற்றின் அருகே நிற்பது நல்லதன்று.
• உடன் பயணிப்பவர் செய்தியைப் படித்துச் சுருக்கமாகச் சொல்லலாம்.
• இருசக்கர வாகன ஓட்டிகள் வண்டியை நிறுத்திய பின்னரே கைப்பேசியை எடுக்க வேண்டும்.

அனுப்பும் தரப்புக்கும் பொறுப்புண்டு. செய்தி சுருக்கமாகவும், ஆபத்துள்ள பகுதிக்கு மட்டும் செல்வதாகவும் இருக்க வேண்டும். தேவையின்றி அடிக்கடி ஒலித்தால் மக்கள் எச்சரிக்கை வசதியையே அணைத்துவிடக்கூடும். பின்னர் உண்மையான வெள்ளம் வரும் நாளில் அவர்களுக்குச் செய்தி சேராது. ஓட்டுநரைப் பொறுத்தவரை, அந்த ஒலிக்கு ‘உடனே படி’ என்று பொருளில்லை; ‘பத்திரமாக ஒதுங்கு’ என்பதே பொருள்.